எச்சில் பொருத்தம்

அத்தை வீட்டில் யாருக்காவது கல்யாணம் கூடிவந்தால் முதல் தாக்கல் மேளக்காரருக்குப் போகாது, பந்தல்காரருக்கும் போகாது. பின்கட்டில் இருக்கும் ஆவுடைக்குத்தான் வரும். துப்பிக் கொடு என்று.

இந்தத் தடவை தாக்கல் சொல்ல முப்பிடாதி அத்தையே நேரில் வந்தாள். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் முக்கால்வாசிப் பேரைத் தன் முன்னால் வரவழைத்துப் பேசுகிறவள், அன்றைக்குச் சுவரில் ஒரு கையை உரசிக்கொண்டே முற்றத்தைச் சுற்றி வந்து, நீல மூடி போட்ட குழாயை ஜன்னல் கட்டையில் வைத்தாள். கொஞ்ச நாளாகவே அவள் சுவரை விட்டு விலகுவதில்லை. மூட்டுவலி என்று சொல்லிக்கொண்டாள். காப்பியைக்கூட மூடி போட்ட டம்ளரில்தான் குடித்தாள். ஈ விழுகிறதாம்.

"வெறும் வயித்துல துப்பணும் ஏட்டி. போன தடவை மாதிரி பல்லு விளக்கிட்டுத் துப்பிராத, திருப்பி அனுப்பிருவான்."

ஆவுடை தலையை ஆட்டினாள். அவளுடைய அம்மை பேச்சியம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அத்தை வருகிறபோதெல்லாம் அம்மைக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஜாதகக்கட்டு இப்போதெல்லாம் இரண்டாவதாகத்தான் வெளியே வருகிறது. முதலில் எச்சில் பொருத்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு குழாயில் துப்பி அனுப்ப வேண்டும். பரம்பரையாக வரும் வியாதிகள் ஏதாவது ரத்தத்தில் ஒளிந்திருக்கிறதா என்று இயந்திரம் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும். வியாதியைத் தவிர வேறெதையும் பார்க்க அதற்கு அனுமதி இல்லை. எவன் யாருக்குப் பிறந்தான் என்று அரசாங்கம் தோண்டக்கூடாது என்று ஜனங்கள் தெருவில் இறங்கிச் சண்டை போட்டு வாங்கிய சட்டம் அது. இயந்திரம் பொய் சொல்லாது. ஆனால் அந்தச் சட்டத்தால், எந்த எச்சில் யாருடையது, ஆணுடையதா பெண்ணுடையதா என்றுகூட அதற்குத் தெரியாது.

அந்த ஓட்டையில்தான் அத்தையின் மண்டி மூளை வேலை செய்தது. ஆவுடையின் எச்சில் சுத்தம். ஒரு புள்ளி கிடையாது. அப்படியிருக்க, வீட்டில் மற்றவர்கள் எதற்காகத் தங்கள் எச்சிலை அனுப்பிப் பயந்துகொண்டிருக்க வேண்டும்?

அத்தை பயந்ததற்குக் காரணம் இருந்தது. அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். அத்தை, அம்மை, ஆவுடை.

ஆவுடையின் அப்பா சுடலைமுத்து, முப்பிடாதி அத்தைக்கு அண்ணன். பதநீரைக்கூடப் புளித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குடிக்கிற மனுஷன். நாற்பது வயதில் அவருக்குக் கால் பின்ன ஆரம்பித்தது. மூட்டையோடு சரிந்தார். அப்புறம் நாக்குக் குழறியது. மண்டியில் சிரித்தார்கள். கடைசியில் சோறு தொண்டையில் இறங்காமல் செத்தார். "குடல் வெந்து போனான் எங்கண்ணன். வாய்ச்சவ சரியில்லேன்னா ஆம்பள குடிக்காம என்ன செய்வான்?" என்று அத்தை துட்டி கேட்க வந்தவர்களிடம் சொன்னாள். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஆவுடையின் அண்ணன் வேலாயுதம். அவனுக்கு நாற்பது வரை பொறுக்கவில்லை, பதினேழிலேயே வந்துவிட்டது. ஆவுடை அவனைவிட ஐந்து வயது இளையவள். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து வரும்போது அவன் அவள் தோளில் கை போட்டுக்கொள்வான். பாசம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒருநாள் எதிரே வந்த அத்தை மகள் செண்பகா அவன் நடையைப் பார்த்துத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். வேலுவுக்கு அவள் முறைப்பெண். அன்றைக்கு வீடு வரும்வரை அவன் ஆவுடையின் தோளைத் தொடவே இல்லை.

மண்டிக்கு முன்னால் ஆளில்லாமல் தானே ஓடுகிற லாரி ஒன்று அவனை அடித்துப் போட்டது. லாரியின் கண் பதிந்து வைத்திருந்ததைப் போலீஸ் வாசித்துக் காட்டியது: போதையில் நடந்த நபர், எதிர்பாராமல் குறுக்கே சாய்ந்தார். ஊர் சொன்ன பொய்யை இயந்திரமும் கற்றுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அம்மை அழவில்லை. பாடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "யாராவது ஒரு ஆளு வாங்க. எம் புள்ள வாய மோந்து பாருங்க. சாராய வாடை அடிக்கான்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றாள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருவரும் வரவில்லை. "மைனி, நீங்களாவது வாங்க" என்று அத்தையைக் கூப்பிட்டாள். அத்தை சேலை முந்தியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற செண்பகாவும் பொத்தினாள். கடைசியில் அம்மையே குனிந்து மகனின் வாயை மோந்து பார்த்தாள். காலையில் மூட்டை தூக்கியவன். "எலுமிச்சை வாடைதான் அடிக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆவுடை அதை மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டிருந்தாள்.

அறுத்துப் பார்த்த டாக்டரம்மா சில மாதம் கழித்து அம்மையையும் ஆவுடையையும் கூப்பிட்டனுப்பினாள். வேலு உடம்பில் சாராயம் ஒரு சொட்டு இல்லை. ஆனால் சிறுமூளை தேய்ந்திருந்தது.

"இது பரம்பரையா வர்றதுங்கம்மா. நடை தள்ளாடும், பேச்சு குழறும். பாக்கிறவங்களுக்குக் குடிச்ச மாதிரியே இருக்கும். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி. தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரமா வேற வரும்."

"மருந்து உண்டா?" என்று அம்மை கேட்டாள்.

"முதுகுத்தண்டுல ஒரு ஊசி. ஆயுசுக்கு ஒரு தடவை போதும். ஆனா முதல் தள்ளாட்டத்துக்கு முன்னாடி போடணும். தள்ளாட ஆரம்பிச்சப்புறம் போட்டுப் பிரயோசனம் இல்ல. உங்க வீட்டுக்காரர் கூடப்பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்க, எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. நாங்க போய்ச் சொல்லச் சட்டத்துல இடமில்ல. குடும்பத்து ஆளுதான் சொல்லணும்."

ஆவுடையைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதியில் நல்ல பாதி அவளுக்கு விழுந்திருந்தது. அப்பா வழியில் மூத்தவர் பெரியப்பா. அவர் வீடும் அத்தையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதுதான். அதனால் அம்மை நேராக அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, வெளிக்கதவைச் சாத்தினாள்.

"மைனி, குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுப்பான். சீக்காளி வீட்டுல எடுக்க மாட்டான். நம்ம வீட்டுல இன்னும் எத்தனை கல்யாணம் கெடக்கு? இது இந்தக் கதவைத் தாண்டிப் போச்சுன்னா, நீங்களும் இந்தக் கதவைத் தாண்டிப் போயிருங்க."

போக அம்மைக்கு இடம் இல்லை. அத்தை அதோடு விடவில்லை. "ஆவுடைக்கு ஒண்ணும் இல்லைன்னா சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அடுத்து வந்தது பெரியப்பா மகன் கதிரேசன் அண்ணன் கல்யாணம். அவன் துப்பிக் கொடுத்த குழாயைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, அத்தை புதுக் குழாயோடு பின்கட்டுக்கு வந்தாள். ஆவுடைக்கு ஒரு ஜோடி கொலுசு கிடைத்தது. கதிரேசனுக்குச் 'சுத்தம்' என்று வந்தது. அப்படி வந்துவிட்டால் ஊசிக்கு அரசாங்கம் கூப்பிடுகிற பட்டியலில் அந்தப் பெயர் அதற்கப்புறம் இருக்காது. அது ஆவுடைக்கு அப்போது தெரியாது. சின்னப் பிள்ளை. கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

தெரிந்தது போன மாதம். கதிரேசன் அண்ணன் கைக்குழந்தையோடு அத்தை வீட்டுக்கு வந்திருந்தான். முற்றத்தில் நடந்து வந்தவன், தடுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் சாய்ந்தான். குழந்தை கையிலிருந்து நழுவியது. அவன் பெண்டாட்டி பாய்ந்து பிடித்துக்கொண்டு, "என்ன, காலங்காத்தாலேயே ஊத்திட்டு வந்துட்டீகளா?" என்றாள். வீடே சிரித்தது. கதிரேசனும் சிரித்தான்.

ஆவுடை மட்டும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தையும் சிரிக்கவில்லை. அவளுடைய கை சுவரில் இருந்தது.

கதிரேசன் அண்ணனுக்கு வர வேண்டிய ஊசி தன்னுடைய எச்சிலால் வராமல் போயிருக்கிறது என்று ஆவுடைக்குப் புரிந்தது. அதற்கும் பிறகு இன்னொன்று புரிந்தது. சுவரைப் பிடித்து நடக்கிற அத்தைக்கு எல்லாம் தெரியும். அவள் குடிப்பதில்லை. அப்படியானால் அப்பாவும் குடிக்கவில்லை, வேலுவும் குடிக்கவில்லை என்று அவளுடைய காலே அவளுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்லியும் வாயைத் திறக்காமல், இப்போது தன் மகள் செண்பகாவின் கல்யாணத்துக்கு இன்னொரு குழாயைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அந்த நீல மூடியைப் பார்த்துக்கொண்டே ஆவுடை முடிவு செய்தாள்.

மறுநாள் காலையில் குழாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். செண்பகா முகத்தில் எதையோ பூசிக்கொண்டு, போனில் மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆவுடையைவிட மூத்தவள், முறைக்கு மைனி. "வாங்க எச்சி ராணி" என்றாள்.

"மைனி, இந்தத் தடவை பொண்ணோட எச்சியும் ஒரு குழாய் வேணுமாம். சும்மா பேருக்குத்தான்" என்றாள் ஆவுடை.

செண்பகா ஏன் என்று கேட்கவில்லை. கண்ணைப் போனிலிருந்து எடுக்காமலே துப்பினாள். துப்பிவிட்டு, "ச்சீ, இத எப்படி நீ ஒவ்வொரு தடவையும் செய்யுத?" என்று சிரித்தாள்.

படியிறங்கி வந்து, அந்தக் குழாயையே தன் எச்சில் என்று அத்தையிடம் கொடுத்தாள் ஆவுடை. செண்பகாவுக்கு ஊசி கிடைக்கட்டும் என்று அவள் நினைக்கவில்லை. அப்படி நினைத்ததாகப் பின்னால் யாராவது சொன்னால் அது பொய். அவள் நினைத்தது ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து நடுவீட்டில் நின்று, உங்கள் ரத்தம் சரியில்லை என்று அத்தை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சுற்றி நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்த வேண்டும். அதற்குச் செண்பகாவுக்கு அது இருக்க வேண்டும். இருக்கட்டும், இருக்கட்டும் என்று சங்கரன்கோவில் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட பிறகு அந்தக் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இருந்தது.

செண்பகாவுக்கு வியாதி உண்டு என்று முடிவு வந்த அன்றைக்கு முன்கட்டில் ஒரு பாத்திரம் உடைந்த சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. ஆவுடைக்கு ஒரு நிமிஷம் தொண்டை வரைக்கும் இனித்தது. பிறகு, மூக்கைப் பொத்திய செண்பகா போய், துப்பிவிட்டுச் சிரித்த செண்பகா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாள்.

பொழுது சாய அத்தை வந்தாள். வாசற்படியில் ஒரு கை, கதவில் ஒரு கை. அம்மை மண்டியிலிருந்து இன்னும் திரும்பியிருக்கவில்லை.

"குழாயில யாரு எச்சி ஏட்டி?"

"செண்பகா மைனியோடது."

"நான் ஒன் எச்சியத்தான கேட்டேன்?"

"கல்யாணம் மைனிக்குத்தான அத்தே. எனக்கா?"

அத்தை கையை ஓங்குவாள் என்று ஆவுடை பின்னால் நகர்ந்தாள். ஓங்கவில்லை. ஆட்டுரலில் உட்கார்ந்தாள். உட்கார்வதற்கே அவளுக்கு இரண்டு முயற்சி ஆனது. முடிவு வருமுன்பே நம்பி அனுப்பிவிட்ட நிச்சயத் தட்டை மாப்பிள்ளை வீட்டார் வியாழக்கிழமை திருப்பிக் கொடுக்க வருகிறார்கள் என்றாள். சொந்தமெல்லாம் கூடுவார்கள் என்றாள். அதற்குள் ஒரு வழி இருக்கிறது என்றாள். குரல் கெஞ்சியது. கெஞ்சுவது பழக்கமில்லாததால் அது அதட்டல் போலவே வெளியே வந்தது.

"அது ஒன் எச்சின்னு ஒரு வார்த்தை சொல்லு. குழாய் மாறிப்போச்சுன்னு. நான் செண்பகாவுக்கு வேற குழாய் அனுப்பிக்கிடுதேன்."

"அதுக்கும் நான்தான் துப்பணுமா?"

"வேற யாரு துப்புவா?"

"அப்ப வியாதி எனக்கு."

"பேருக்குத்தானட்டி. ஒங்கம்மை வழில வந்ததுன்னு சொல்லிக்கிடலாம். ஒடம்புலயா வரப்போவுது?"

"மைனிக்கு ஊசி?"

"ஒன் பேருக்கு வரும்லா. அவ போயி போட்டுக்கிடுவா. மூக்கும் முழியும் ஒண்ணுபோலத்தான இருக்கீங்க."

அத்தை எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பயந்தால் ஆவுடைக்குக் குரல் தாழ்ந்துவிடும். தாழ்ந்த குரலிலேயே சொன்னாள்.

"எம் பேருக்கு வாரது எனக்குத்தான் அத்தே. நானே போட்டுக்கிடுவேன்."

"நல்ல ஒடம்புல அத எதுக்குட்டி போடணும்?"

"சும்மா. எங்கண்ணனுக்கு நீங்க சும்மா குடிகாரப் பேரு வச்சீங்கள்லா, அந்த மாதிரி."

அத்தை அவளையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் பின்கட்டுப் பிள்ளையை அவள் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

"என்ன வேணும் ஒனக்கு?"

"வியாழக்கிழமை எல்லாரும் இருக்கையில நீங்க எந்திரிச்சு, எங்கப்பா குடிக்கல, எங்கண்ணன் குடிக்கலன்னு சொல்லணும்."

"குடிக்கலேன்னா பின்ன என்னன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

"அதச் சொல்லிட்டா எங்க ரத்தம்னு ஆயிரும். அப்புறம் ஒன் பொய் எதுக்குட்டி எனக்கு?"

"எதுக்கும் இல்ல. சொல்லலேன்னா, அது என் எச்சின்னு நான் சொல்லிருவேன். மைனிக்குக் கல்யாணம் நடக்கும். ஊசி மட்டும் நடக்காது."

அத்தை எழுந்தாள். கதவில் கை வைத்தபடியே, "நீ எங்கண்ணன் மக இல்லட்டி. என்னைய மாதிரி பெறந்திருக்க" என்றாள். அது வசவா புகழா என்று ஆவுடைக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கவில்லை. அத்தை சொல்லாமல் போனால் தான் உண்மையிலேயே அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். இல்லை என்று மனசு சொல்லவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை பெரிய கூடம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தென்காசியிலிருந்து வந்திருந்தார்கள். வெற்றிலை, பழம், பட்டுவேட்டி என்று இங்கிருந்து போன தட்டு அப்படியே திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்திருந்தது. அத்தை வடக்குச் சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். அம்மையும் ஆவுடையும் எதிர்ப்பக்கம், வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கதிரேசன் அண்ணன் மடியில் குழந்தையோடு தூணில் சாய்ந்திருந்தான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா மரியாதையாகத்தான் பேசினார். பெண்ணைக் குறை சொல்லவில்லை, கொடுப்பினை இல்லை என்றார். அவர் முடிப்பதற்குள் செண்பகா எழுந்துவிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. குழாயில இருந்தது என் எச்சியே இல்ல. எங்க வீட்டுல எப்பவும் இவதான் துப்புவா" என்று ஆவுடையைக் காட்டினாள். "எங்கிட்ட ஏதோ வாங்கிட்டுப் போனா. ஆனா அனுப்புனது அவளோடதுதான். வியாதி அவளுக்கு. நான் எந்த ஊசியும் போட மாட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். பொய்யே வழக்கமாகிவிட்ட வீட்டில், ஒரே ஒரு தடவை போன நிஜத்தை நம்ப யாருக்கும் காரணம் இல்லை. கூடம் முழுக்க ஆவுடை பக்கம் திரும்பியது. "குடிகாரன் மவதான, செய்வா" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அவளைப் பார்த்தார். "பயப்படாமச் சொல்லும்மா. அது உன் எச்சியா?"

ஆமா. ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தட்டு மாப்பிள்ளை வீட்டாரோடு மறுபடியும் போய்விடும். மேளம் வரும். சில வருஷத்தில் செண்பகா மாமியார் வீட்டு முற்றத்தில் கால் பின்னி நடப்பாள். பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எவ்வளவு சரியாக இருக்கும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆவுடை அதை வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். அத்தையும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா" என்றார் பெரியவர்.

ஆவுடை வாயைத் திறந்தாள்.

நாற்காலி நகர்ந்தது. அத்தை எழுந்துவிட்டாள். வழக்கம்போலச் சுவரோரமாகச் சுற்றி வராமல், கூடத்தின் நடுவே காலை எடுத்து வைத்தாள். பிடிக்க எதுவும் இல்லாத இடம். முதல் எட்டிலேயே உடம்பு இடதுபக்கம் போயிற்று. கைகளை விரித்துக்கொண்டாள். தட்டை மிதித்துவிடாமல் விலக முயன்றதில் வெற்றிலை சிதறியது. ஒருவர் பிடிக்க எழுந்தார், கையை உதறினாள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது, மெதுவாகச் சொன்னதுதான், எல்லாருக்கும் கேட்டது.

"இந்த வீட்டுல பொம்பளையும் குடிக்கும் போல."

அத்தைக்கும் கேட்டது. நின்றாள். பிறகு நடந்தாள். அம்மைக்கு முன்னால் வந்து, வாயைத் திறந்து முகத்தை முன்னால் நீட்டினாள்.

"மைனி, மோந்து பாருங்க."

அம்மை அசையவில்லை.

"நீங்க அன்னைக்குக் கூப்பிட்டீங்க. நான் வரல. இன்னைக்கு நான் கூப்பிடுதேன். மோந்து பாத்துட்டு எல்லாருக்கும் கேக்கும்படி சொல்லுங்க."

அம்மை அவசரப்படவில்லை. முந்தியை இடுப்பில் செருகினாள். ஒரு கூடை எலுமிச்சையில் அழுகலைத் தேடுகிறவளைப் போல நிதானமாகக் குனிந்து மோந்து பார்த்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"காப்பி வாடைதான் அடிக்கு" என்றாள் அம்மை.

"எங்கண்ணன் குடிக்கல" என்றாள் அத்தை. திரும்பி எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். நாக்கு லேசாக இழுத்தது. "வேலு குடிக்கல. நானும் குடிக்கல. எங்கப்பா வழி ரத்தத்துல இருக்கு இது. எனக்குத் தெரியும். குழாயில இருந்தது எம் மக எச்சிதான். செண்பகா, நீ ஊசி போட்டுக்கிடு. ஒனக்கு இன்னும் நேரம் இருக்கு."

செண்பகா அம்மாவைப் பார்க்கவில்லை. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள்.

அத்தை திரும்பிப் போக வேண்டும். நாற்காலி அந்தக் கோடியில் இருந்தது. அம்மை கை கொடுக்கவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. ஆவுடையும் கொடுக்கவில்லை. அத்தை வந்த வழியிலேயே, சிதறிய வெற்றிலைகளின் மேல், கைகளை விரித்துக்கொண்டு தனியாகத் திரும்பி நடந்தாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆவுடையும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எத்தனை வருஷம் காத்திருந்து கேட்டது. ஒரு எட்டுக்கூடத் தவறவிடக்கூடாது என்று பார்த்தாள்.

அப்போதுதான் தூணுக்குப் பக்கத்தில் கதிரேசன் அண்ணன் குழந்தையைப் பெண்டாட்டி கையில் கொடுப்பது தெரிந்தது. அவன் எழுந்தான். சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டே ஓரமாகச் சுற்றி வந்தான். அம்மை இரண்டு எட்டு எடுத்து வைத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அம்மையைப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை. ஏதோ கணக்குப் புரியாதவனைப் போல ஆவுடையிடம் கேட்டான்.

"தங்கச்சி, எங் கல்யாணத்துக்கு நான் துப்பிக் குடுத்தேனே. அத யாரு பாத்தா?"

ஆவுடை அம்மையைப் பார்த்தாள். அம்மை தலையைக் குனிந்திருந்தாள். குடும்பத்து ஆளுதான் சொல்லணும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. யார் யாருக்காகவோ துப்பிய வாயில் அப்போது ஒரு சொட்டு எச்சில் இல்லை.

"யாரும் பாக்கல அண்ணே."